பத்தாயிரம் லிட்டர் சம்பில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்?

எங்கள் வீட்டு சம்ப் (தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி) பத்தாயிரம் லிட்டர் என்றுதான் கட்டிய மேஸ்திரி சொன்னார். வரைபடத்திலும் 10 அடி × 6 அடி × 6 அடி என்று போட்டிருக்கிறது. பெருக்கினால் 360 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3168 லிட்டர், ஆக 10,194 லிட்டர். பெருக்கலில் தப்பே இல்லை. ஆனால் அடியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கிடந்தபோது 6,000 லிட்டர் லாரி வந்து ஊற்றியதில், தாராளமாகப் பிடித்திருக்க வேண்டிய தொட்டி நிரம்பி, கடைசி ஆயிரத்துச் சொச்சம் லிட்டர் ஓவர்ஃப்ளோ பைப் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. காசு கொடுத்து வாங்கிய தண்ணீர். பெருக்கல் சரி என்றால் பெருக்கிய மூன்று நீளங்களில்தான் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. எனவே சம்பைக் கழுவ ஆள் வந்த அன்று முழுசாக அளந்து, லிட்டர் கோடு போட்ட ஓர் அளவுகோலும் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அளக்கும் கதைக்கு முன்னால் ஒரு விஷயம். மூடியே கிடந்த சம்புக்குள் சட்டென்று இறங்காதீர்கள். அழுகும் பொருள் ஆக்சிஜனைத் தின்றுவிடும், விஷ வாயுவும் சேரும், உள்ளே போனவருக்கு மயக்கம் வருவது தெரியவே தெரியாது, அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். புதிதாகக் கட்டிய தொட்டியில் கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்கள் இறந்ததும் இப்படித்தான். எங்கள் சம்பில் தண்ணீரை இறைத்துவிட்டு, காலையிலிருந்தே இரண்டு மூடியையும் திறந்து வைத்து, ஒரு மூடி வழியாக பெடஸ்டல் ஃபேன் காற்றை உள்ளே தள்ள, மேலே ஓர் ஆள் நிற்க, அப்புறம்தான் கழுவுகிற தம்பிகள் இறங்கினார்கள். அவர்கள் முடித்த பிறகு அதே ஏற்பாட்டோடு நான் இறங்கினேன். உங்களிடம் லேசர் மீட்டர் இருந்தால் பாதி அளவை மூடி ஓரத்தில் இருந்தபடியே எடுத்துவிடலாம், இறங்கவே வேண்டாம்.

நீளத்தை லேசர் மீட்டரில் எடுத்தேன். இதில் கவனிக்க வேண்டியது, கருவி தன் பின்பக்க விளிம்பிலிருந்து அளக்கிறதா முன்பக்கத்திலிருந்தா என்பது. பெரும்பாலும் பின்பக்கம்தான், ஆனால் ஒரு பட்டன் தெரியாமல் அழுந்தினால் கருவியின் நீளமே கணக்கில் கூடவோ குறையவோ செய்யும். அடியில், நடுவில், மேலே என்று மூன்று உயரத்தில் எடுத்ததில் 2.815, 2.811, 2.808 மீட்டர் வந்தது. பூச்சு வேலையில் இந்த ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம் ரொம்ப நல்ல வேலை என்றே சொல்வேன். கழுவி முடித்திருந்த தம்பிக்கு மட்டும் பொறுக்கவில்லை, "ஒரே செவுருதானே சார், எதுக்கு மூணு தடவ?" என்றார். சராசரி 2.811 மீட்டர் என்று குறித்துக்கொண்டேன்.

அகலத்துக்கு லேசர் ஒத்துவரவில்லை. ஒரு பக்கச் சுவரில் இறங்குவதற்கான இரும்புப் படிகள், எதிர்ப் பக்கம் மோட்டார் பைப், புள்ளி எங்கே விழுகிறது என்பதே சந்தேகமாக இருந்தது. டேப்பை உள்பக்கம் மடக்கி அளப்பதும் சிரமம், மூலையில் டேப் வளைந்து நிற்கும்போது கண் ஒரு இஞ்ச்சைக் கூட்டிப் படிக்கும். பழைய தச்சு வேலை உத்தி ஒன்று இருக்கிறது. இரண்டு ரீப்பர் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, இரண்டு முனையும் எதிரெதிர்ச் சுவரில் முட்டும்வரை நகர்த்தி, நடுவில் கிளாம்ப் போட்டு இறுக்கி, வெளியே எடுத்துப் போய் வெளிச்சத்தில் தரையில் வைத்து டேப்பால் அளப்பது. அப்படி அளந்ததில் 5 அடி 3½ இஞ்ச். டேப்பில் இஞ்ச் பக்கம்தான் கண்ணுக்கு நேராக இருந்தது, அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஆழம்தான் இதில் முக்கியமான ஆட்டம். தரையிலிருந்து மேல் தளத்தின் அடிப்பக்கம் வரை 5 அடி 10 இஞ்ச் இருக்கிறது. ஆனால் தண்ணீர் அதுவரை ஏறவே ஏறாது, ஓவர்ஃப்ளோ பைப்பின் அடிவிளிம்போடு சரி, அது 5 அடி 1 இஞ்ச்சில் இருக்கிறது. தரையும் மட்டமாக இல்லை, கழுவும்போது தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கட்டும் என்று ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு இஞ்ச் சரிவு கொடுத்திருக்கிறார்கள், ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தெரிந்தது. சரிவான தரைக்கு நடுவில் எடுக்கும் ஆழம்தான் சராசரி, நான் சொன்ன 5 அடி 1 இஞ்ச் அந்த நடு ஆழம். மேலே மூடிக்கு நேர் கீழே, பள்ளமான கோடியில் அளந்தால் அரை இஞ்ச் கூட வரும். அப்புறம் ஃபுட் வால்வு, மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் பைப்பின் அடிமுனையில் இருக்கும் வால்வு. அதன் வாய் நடுத்தரை மட்டத்திலிருந்து 7 இஞ்ச் உயரத்தில் நிற்கிறது, அதற்குக் கீழே உள்ள தண்ணீரை மோட்டார் தொடாது.

இப்போது கையில் இருப்பது ஒரு நீளம் மீட்டரில், ஓர் அகலம் அடி இஞ்ச்சில், ஓர் ஆழம் அடி இஞ்ச்சில், வேண்டியது லிட்டர். இங்கேதான் ஆளுக்கொரு வகையில் சறுக்குவார்கள். அதிகம் பார்ப்பது 5 அடி 3½ இஞ்ச்சை 5.35 என்று கால்குலேட்டரில் தட்டுவது. அடிக்குப் பன்னிரண்டு இஞ்ச், பத்து இல்லை, 3.5-ஐ 12-ஆல் வகுத்தால் 0.2917, ஆக அது 5.2917 அடி. இந்த இடத்தில் தவறு ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் 5 அடி 10 இஞ்ச்சை 5.10 என்று தாளில் எழுதி வைத்து, மறுநாள் எடுத்துப் பெருக்குகிறவர் அதை 5.1 அடியாக எடுப்பார், உண்மையில் அது 5.833, பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் காணாமல் போய்விடும். லேசர் மீட்டரை அடிக்கு மாற்றினால் சிலது 9.22 என்று தசமத்தில் காட்டும், அதை ஒன்பது அடி இரண்டு இஞ்ச் என்று படித்தால்கூட அதிர்ஷ்டவசமாக ஏறக்குறைய சரியாகவே இருக்கும் (0.22 அடி என்பது 2.6 இஞ்ச்), அதனாலேயே இந்தப் பழக்கம் யாருக்கும் உறைப்பதில்லை. 9.9 வரும்போதுதான் வினை, அது 9 அடி 9 இஞ்ச் இல்லை, கிட்டத்தட்ட 9 அடி 11 இஞ்ச்.

இன்னொரு வகை, பெருக்கிவிட்டு அப்புறம் மாற்றலாம் என்று நினைப்பது. மீட்டரையும் அடியையும் கலந்து பெருக்கி வந்த எண்ணுக்குப் பெயரே கிடையாது. எல்லாம் இஞ்ச்சிலேயே பெருக்கினவர்கள் கடைசியில் 12-ஆல் வகுத்து கன அடி என்பார்கள், வகுக்க வேண்டியது 1,728-ஆல், 12 × 12 × 12. மீட்டரும் அப்படியே, ஒரு மீட்டருக்கு 3.28 அடி, ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி.

நான் எல்லாவற்றையும் சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து டெசிமீட்டருக்குப் போனேன். டெசிமீட்டர் என்றால் பத்து சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்தோடு மறந்துபோன அலகு, ஆனால் தொட்டி வேலைக்கு இதைவிட வசதி கிடையாது, ஏனென்றால் ஒரு கன டெசிமீட்டர்தான் ஒரு லிட்டர். மூன்று நீளத்தையும் டெசிமீட்டரில் எழுதிப் பெருக்கினால் விடை நேராக லிட்டரில் வந்து நிற்கும், ஆயிரத்தால் பெருக்கு, வகு என்ற பேச்சே வராது. இஞ்ச்சுக்கு 2.54 சென்டிமீட்டர், இது தோராயம் இல்லை, 1959-இல் ஆறு நாடுகள் உடன்பட்டு வைத்த துல்லியமான எண். ஆக அகலம் 63.5 இஞ்ச், 161.29 செ.மீ., 16.129 டெசிமீட்டர். ஆழம் 61 இஞ்ச், 154.94 செ.மீ., 15.494 டெசிமீட்டர். நீளம் 28.11 டெசிமீட்டர்.

28.11 × 16.129 × 15.494 = 7,025 லிட்டர்.

ஒரே வழியில் போட்ட கணக்கை நான் நம்புவதில்லை. கன அடி வழியாகவும் போட்டேன், 9.2224 × 5.2917 × 5.0833 என்றால் 248.08 கன அடி, அதை 28.3168-ஆல் பெருக்கினால் அதே 7,025. பழைய ஆட்களுக்குக் கேலன் கணக்குத்தான் வாய்ப்பாடு, கன அடிக்கு ஆறேகால் கேலன் என்பார்கள், அது இம்பீரியல் கேலன், 4.546 லிட்டர். இணையத்தில் தேடினால் கன அடிக்கு 7.48 கேலன் என்று வரும், அது அமெரிக்க கேலன், 3.785 லிட்டர். இரண்டையும் கலக்காத வரை எந்த வழியில் போனாலும் ஒரே தண்ணீர்தான். லிட்டரிலேயே இப்படி ஒரு குழப்பம் இருந்தது, 1901 முதல் 1964 வரை லிட்டர் என்பது ஒரு கிலோ தண்ணீரின் கன அளவு என்று வைத்திருந்தார்கள், அது கன டெசிமீட்டரை விடப் பத்து லட்சத்தில் 28 பங்கு பெரியது. எங்கள் சம்புக்கு அந்த வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணீர்.

சரி, பத்தாயிரம் எங்கே போனது? வரைபடத்தில் போட்ட 10 அடியும் 6 அடியும் வெளி அளவு. இரண்டு பக்கமும் நாலு நாலு இஞ்ச் கான்கிரீட் சுவர், அதற்கு மேல் உள்பூச்சு. நீளத்தில் ஒன்பது இஞ்ச்சுக்கு மேல், அகலத்தில் எட்டரை இஞ்ச், அவ்வளவையும் சுவர் எடுத்துக்கொண்டது. லிட்டரில் சொன்னால் 1,900. வரைபடத்து ஆறு அடிக்கும் ஓவர்ஃப்ளோ பைப்புக்கும் இடையில் உள்ள பதினோரு இஞ்ச் இன்னொரு 1,270 லிட்டர். ஃபுட் வால்வுக்குக் கீழே 806 லிட்டர். மூன்றையும் கழித்தால் மோட்டார் எடுத்துத் தரக்கூடியது 6,219 லிட்டர்தான். மேஸ்திரியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, பள்ளம் தோண்டவும் கம்பி கட்டவும் அவருக்கு வெளி அளவுதான் வேண்டும், அவர் தன் வேலைக்கான அளவைச் சொன்னார். நாம்தான் அதைக் கேட்டு லாரி கூப்பிடுகிறோம்.

இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் தெருவுக்குப் போன தண்ணீருக்கும் விளக்கம் கிடைத்துவிடும். தொட்டியின் தரை 4.534 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு 45.34 லிட்டர், ஒரு இஞ்ச்சுக்கு 115 லிட்டர். 6,000 லிட்டர் ஊற்ற 132 சென்டிமீட்டர் இடம் வேண்டும். மோட்டார் தண்ணீர் எடுக்கக்கூடிய உயரமே 137 சென்டிமீட்டர்தான். ஆக 6,000 லிட்டர் லாரி எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்றால் ஃபுட் வால்வு வாய்க்கு மேல் இரண்டு இஞ்ச் தண்ணீர் மட்டுமே மிச்சம் இருக்க வேண்டும், கிட்டத்தட்ட மோட்டார் காற்று இழுக்கத் தொடங்கும் நேரம். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள், நாலு பேருக்கு 540. பத்தாயிரம் என்று நம்பினால் பதினெட்டு நாள், உள்ளபடி பதினொன்றரை நாள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வற்றிக் கிடந்தபோது சென்னைக்காரர்களுக்கு அந்த ஒரு வாரம் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்த அளவில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் முழுத் தொட்டிக்கு 25 லிட்டர் போகும், அகலத்தில் அதே ஒரு சென்டிமீட்டர் தவறினால் 44 லிட்டர், ஆழத்தில் 45. சின்னப் பக்கத்தில் செய்யும் தவறுதான் பெரிது. நம்மில் பலர் நீளமான சுவரைத்தான் பயபக்தியோடு அளக்கிறோம். மறுபக்கம், சும்மா மனசைப் போட்டு அலட்டுகிற விஷயங்களும் உண்டு. சுவரும் தரையும் சேரும் மூலையில் சிமெண்டை வளைவாகப் பூசியிருக்கிறார்கள், மூன்று இஞ்ச் வளைவு என்று வைத்து அடிச் சுற்றளவு முழுக்கக் கணக்குப் போட்டேன், பதினோரு லிட்டர்தான் வந்தது, அதுவும் ஃபுட் வால்வுக்குக் கீழே. மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசப்பட்டன, 3.24 மீட்டரும் 3.25 மீட்டரும். தொட்டி கோணல் என்று கவலைப்பட்டு அதையும் போட்டுப் பார்த்தால் ஒரு டம்ளர்கூடக் குறையவில்லை. இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம்.

அளவுகோலுக்கு முக்கால் இஞ்ச் பிவிசி பைப், இரண்டு மீட்டர் துண்டு. அடி முனையை மூடவில்லை. மூடினால் பைப் மிதந்து மேலே தள்ளும், திறந்திருந்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும். கோலை மூடிக்கு நேர் கீழேதான் ஊன்றப் போகிறேன், அங்கே தரை நடு மட்டத்தை விட அரை இஞ்ச் தாழ்வு, ஆகவே ஃபுட் வால்வு மட்டம் கோலில் 7½ இஞ்ச்சில், 19.05 சென்டிமீட்டரில் வரும். அதைப் பூஜ்யம் என்று வைத்து 500 லிட்டருக்கு ஒரு கோடு, 11.03 சென்டிமீட்டர் இடைவெளி. இதில் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டை அளந்து போகக் கூடாது. டேப்பை பைப்பின் அடியில் மாட்டி ஒரே நீட்டில் விரித்து 30.1, 41.1, 52.1, 63.2 என்று போட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு கோட்டிலும் பேனா முனை அளவு பிசகு சேர்ந்து சேர்ந்து மேலே போகும்போது கணிசமாகிவிடும். நடுவே 100 லிட்டர் கோடுகள் 2.2 சென்டிமீட்டருக்கு ஒன்று, அவற்றுக்குக் கண் அளவே போதும்.

மார்க்கர் மை தண்ணீரில் கொஞ்ச நாளில் மங்கிவிடும், குளோரின் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஹேக்சா பிளேடால் லேசாகக் கீறி, கீறலில் மையை விட்டுத் துடைத்தேன், அது நிற்கிறது. வெள்ளை பைப்பில் நனைந்த இடம் எதுவரை என்று தெரிவதில்லை, சாக்பீஸை நீளவாட்டில் ஒரு தேய் தேய்த்துவிட்டு இறக்கினால் ஈரக்கோடு பளிச்சென்று தெரியும்.

கோலின் மறுபக்கத்தில் சிவப்பில் இன்னொரு வரிசை எண் எழுதினேன், அது மொத்தத் தண்ணீர், கறுப்பு எண்ணோடு 806 கூட்டியது. இது எதற்கு என்றால் பிளீச்சிங் பவுடருக்கு. மோட்டார் எடுக்காத தண்ணீரும் குளோரினைக் குடிக்கும், அதனால் மருந்துக்கு மொத்தத் தண்ணீர்தான் கணக்கு. பொது சுகாதாரப் பாடங்களில் தெளிந்த தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரம் விட வேண்டும் என்று சொல்வார்கள். நிரம்பிய எங்கள் சம்புக்குப் பதினேழரை கிராம். பத்தாயிரம் என்று நினைத்து இருபத்தைந்து போட்டால் ஆபத்தில்லை, ஆனால் சாம்பாரில் வாடை வரும்.

கோல் சரியா என்று பார்க்க மாடியில் உள்ள ஆயிரம் லிட்டர் டேங்கைக் காலியாக்கி மோட்டார் போட்டேன். 22 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், 21.4 இறங்கியது, அதாவது 970 லிட்டர். மாடி டேங்கின் வெளிவாய் அடியிலிருந்து கொஞ்சம் மேலே இருப்பதால் முப்பது லிட்டர் அங்கேயே தங்கும், கணக்குப் பொருந்துகிறது. அடுத்து வந்த 6,000 லிட்டர் லாரிக்கு 129.5 சென்டிமீட்டர்தான் ஏறியது, 5,870 லிட்டர். லாரிக்காரரிடம் கோலோடு போய் நிற்கலாமா என்று ஒரு நிமிடம் ஆசை வந்தது. ஆனால் என் அளவிலேயே நீள அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் ஒரு சதவீதம், கோலை இரண்டு முறை படித்ததில் அரை அரை சென்டிமீட்டர் என்றால் முக்கால் சதவீதம். அவர் குறைத்ததாக நான் சொல்லும் இரண்டு சதவீதமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஐந்து சதவீதம் குறைந்தால் பேசலாம்.

உங்கள் சம்ப் எல் வடிவத்தில் இருந்தால் இரண்டு செவ்வகமாகப் பிரித்துத் தரைப் பரப்பைத் தனித்தனியே போட்டுக் கூட்டுங்கள், நடுவில் தூண் இருந்தால் அதன் பரப்பைக் கழியுங்கள், அப்புறம் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற ஒரே எண் கிடைத்தால் மிச்சம் எல்லாம் இதே வழிதான். மாடியில் உள்ள உருளை டேங்குக்கு இந்தக் கோல் ஆகாது. அதன் வயிற்றில் வளையம் வளையமாக இருக்கும் மடிப்புகளோடு மல்லுக்கட்டுவதை விட, ஓரத்தில் ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றை மாட்டி, வாளி வாளியாக ஊற்றிக் கோடு போடுவது சுலபம்.